சவேரியார் கிளப்பில் ஒரு கிளாரினெட்

புன்னைத்துறை
8 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மன்னிப்பு. நவதுறவியர் இல்லத்துக்கு வீட்டிலிருந்து மாதம் ஒரு கடிதம்தான் வரலாம் என்று எனக்குத் தெரியும். இந்த மாதத்துக் கடிதத்தை அம்மா போன வாரமே அனுப்பிவிட்டாள். அம்மா சொல்ல நான் எழுதியதுதான். முக்கால் பங்கு அடுத்த வீட்டுக் கோழியைப் பற்றி. ஆகவே இது கணக்கில் வராத கடிதம். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் மதரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இயேசுவுக்குப் புகழ், மதர்.

கொடைக்கானல் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? சளி விட்டதா? இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம்.

எழுதாமல் இருக்க முடியாத செய்தி இது: மேலத்தெரு சிலுவை அண்ணன் ஊருக்கு வந்துவிட்டார். மதருக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். எங்கள் கோயில் பேண்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். திருவிழா அன்று டிரம்பட்காரர் கடலில் இருப்பார். அடக்கத்தன்று பெரிய டிரம்காரர் இருக்க மாட்டார். யார் இல்லையோ அவருடைய வாத்தியத்தைச் சிலுவை அண்ணன் எடுத்துக்கொள்வார். அப்படியே அவருக்கு ஐந்து வாத்தியம் கைவந்துவிட்டது. பிறகு உல்லாசக் கப்பல் ஒன்றில் பன்னிரண்டு வருடம் வாசித்தார். அங்கே ஜாஸ் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது நால்வராகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். கொச்சியில் சின்னச் சின்ன இடங்களில் வாசித்திருக்கிறார்களாம். அடுத்து எங்கே வாசிக்க ஆசைப்படுகிறார் தெரியுமா? நம் சவேரியார் கிளப்பில்! கேரம் போர்டும் கால்பந்துக் கோப்பைகளும் இருக்கிற அதே மாடி அறையில். அதன் சாவி இப்போது என்னிடம். படித்த பெண் என்று வாசகசாலையை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்.

உன் கிளாரினெட்டை இன்றும் எடுத்துத் துடைத்தேன். செப்டம்பர் எட்டாம் தேதி முதல் துறவற வார்த்தைப்பாட்டுக்கு முன்னால், உனக்குச் சொந்தமானது இனி யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டுமாமே. உனக்கென்று இருப்பது அது ஒன்றுதான் என்றும், கோயில் பேண்டுக்கு எழுதிவிடுவாய் என்றும் அம்மா சொன்னாள். பேண்டு மாஸ்டர் ஜெபமணி மாமா அதற்கு ஆளும் பார்த்துவிட்டார், நம் சித்தி மகன் ஜெனின். நல்லதுதான்.

காதை மூடிக்கொண்டு தூங்கு.

உன் தங்கை
ரெஜிஷா


கொடைக்கானல்
2 மார்ச் 2025

அன்புத் தங்கை ரெஜிஷாவுக்கு,

கணக்கில் வராத உன் கடிதத்தை மதர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதனால் மார்ச் மாதத்துக் கோழிச் செய்தி எனக்கு ஏப்ரலில்தான் கிடைக்கும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

சளி போய்விட்டது. தோட்டத்தில் எனக்குக் கேரட் பாத்தி தந்திருக்கிறார்கள்.

கிளாரினெட் கோயிலுக்குத்தான். ஆகஸ்டு இருபதுக்குள் தாளைக் கொடுக்க வேண்டும். அதுவரை துடைத்து வை. மூட்டுகளில் இருக்கிற கார்க்குக்குக் கிரீஸ் தடவு, ஆனால் அதிகம் வேண்டாம். அதை அப்பா கொச்சியில் பழைய சாமான் கடையில் கண்டெடுத்து, மீன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். முதல் மாதம் முழுக்க அதில் அயிலை மீன் வாசம் அடித்தது. அது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னவள்.

நால்வர் என்று எழுதினாய். யார் யார், என்ன வாத்தியம் என்று எழுதவில்லை. ஆசையினால் கேட்கவில்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளப் பெயர் வேண்டும்.

கிறிஸ்துவின் அன்பில்
லிஜா


புன்னைத்துறை
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கும் மதருக்கும் பாஸ்குத் திருநாள் வாழ்த்துகள்.

வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவுக்கு மட்டும் முதுகுப் பிடிப்பு, தைலம் தேய்க்கிறோம்.

ஜெபத்துக்கான பெயர்கள் இதோ. சிலுவை அண்ணன்: சாக்ஸபோன், டிரம்பட், புல்லாங்குழல், கிளாரினெட். கீபோர்டு: ஆதிரா, திருவனந்தபுரம். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள், ஆனால் சிரிக்கும்போது அறை முழுக்கக் கேட்கும். டிரம்ஸ்: அபிலாஷ், குலசேகரத்துக்காரர். காலையில் ரப்பர் ஷீட் கடை, மாலையில் டிரம்ஸ். பேஸ்: முருகதாஸ், நாகர்கோவில். அந்தப் பேஸ் பெரிய வயலின் மாதிரி, ஆளைவிட உயரம். நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும்.

கிளப் கமிட்டி ஈஸ்டர் கழிந்து கூடியது. நான் கதவோரம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். ஜெபமணி மாமாதான் முதலில் ஆரம்பித்தார்.

"ஏலே சிலுவை, ஜாஸ்னா என்னத்தலே? பாட்டா, ஆட்டமா?"

"பாட்டுதான் மாமா. முதல்ல ஒரு மெட்டு வாசிப்போம். பொறவு அவனவன் அவனுக்க இஷ்டத்துக்கு வாசிப்பான். கடைசியில திரும்ப அந்த மெட்டுக்கு வருவோம்."

"அவனவன் இஷ்டத்துக்கா? எனக்க பேண்டுல அப்படி ஒருத்தன் வாசிச்சா குச்சியால ஒண்ணு வச்சிருப்பேன்."

"வச்சிருக்கீங்க மாமா. அது நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடை, ஆட்கள் எல்லாம் கரையில் இருப்பார்கள். ஆகவே ஜூலை இருபது, ஞாயிறு, மாலை ஆறு மணி. வரவேற்புரை யார் என்று கேட்டபோது எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவில் நான்தான் இருந்தேன்.

உன் கிளாரினெட் நன்றாக இருக்கிறது. இடது சுண்டுவிரலால் அழுத்தும் சாவியின் அடியில் மட்டும் காற்று கசிகிறது. மற்றபடி குறை ஒன்றுமில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ரெஜிஷா


கொடைக்கானல்
11 மே 2025

அன்புத் தங்கைக்கு,

அப்பாவின் முதுகுக்குத் தைலம் போதாது, வெந்நீர் ஒத்தடமும் கொடுங்கள். நான் சுகம்.

நால்வரின் பெயரும் என் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. முருகதாஸ் இத்தனை பெரிய வாத்தியத்தை எப்படிக் கொண்டுவருவார் என்று மதர் கவலைப்படுகிறார்.

போன வாரம் மதர் என்னைக் கூப்பிட்டார். ஜெபமாலை சொல்லும்போது என் விரல்கள் மணியை நகர்த்தாமல் மேலும் கீழும் போகின்றனவாம். திருத்திக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். சாவியடியில் காற்று கசிவது ஊதினால்தான் தெரியும். துடைக்கிறவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஜூன் முதல் தேதியிலிருந்து முப்பது நாள் மௌனத் தியானம். கடிதம் எழுதவும் முடியாது, வாங்கவும் முடியாது.

லிஜா


புன்னைத்துறை
26 மே 2025

அன்புள்ள அக்கா,

சுகமா? இங்கே மழை முந்திக்கொண்டது. அப்பாவின் முதுகு ஒத்தடத்தில் இளகிவிட்டது.

அவசரமாக ஒரு அனுமதி வேண்டும். சிலுவை அண்ணனின் கிளாரினெட்டில் கீறல் விழுந்துவிட்டது. கப்பல் ஏசியில் பன்னிரண்டு வருடம் இருந்த மரம் நம் ஊர் ஈரத்தைத் தாங்கவில்லை என்கிறார். "லிஜா சிஸ்டருக்கது ஒண்ணு உங்க வீட்டுல கெடக்குல்லா? ஒரு பாட்டுக்குத்தான்" என்று கேட்டார். நீ சரி என்றால்தான் கொடுப்பேன்.

நீ மௌனத்துக்குள் போகும் முன் இது உன் கைக்கு வர வேண்டுமே என்று, குளச்சலுக்குப் பஸ் ஏறிப் போய்ப் போஸ்டாபீசிலேயே கொடுக்கிறேன்.

ரெஜிஷா


புன்னைத்துறை
29 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

உன் பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தபால்காரரைத் தினமும் பார்த்தேன். உன் தியானம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் கொடுத்துவிட்டேன், அக்கா. கிளப்பில் நேற்று முதல் ஒத்திகை. அந்தக் கிளாரினெட் பாட்டு வந்தபோது சிலுவை அண்ணன் சாக்ஸபோனைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல இது வராது" என்று நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன். அவர் பெட்டியைத் திறந்தார். ஊதுவாயில் இருக்கிற ரீடைப் பார்த்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அது இப்போது முக்கியமில்லை. சுண்டுவிரல் சாவியை அவரே சரிசெய்தார்.

பேஸ் வந்ததை மதருக்காக எழுதுகிறேன். மீன் டெம்போவில், தார்ப்பாயில் சுற்றிப் படுக்கவைத்து வந்தது. கீழே நின்ற இரண்டு பெரியம்மாக்கள் கோயிலுக்குப் புதுப் புனிதர் சுரூபம் வருகிறது என்று நினைத்துத் தார்ப்பாயைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார்கள். முருகதாஸ் அண்ணன் என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டார்.

அறையில் எதிரொலி அதிகம் என்று ஆதிரா முகம் சுளித்தாள். சிலுவை அண்ணன் கீழே போய் அப்பாவின் பழைய வலைகளைத் தூக்கிவந்து மூன்று சுவரிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டார். ஆதிரா ஒருமுறை கை தட்டிப் பார்த்தாள். எதிரொலி போய்விட்டது! ஆனால் எல்லோருக்கும் மீன் வாசம்.

என்னை மன்னித்தாயா?

ரெஜிஷா


கொடைக்கானல்
8 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

மௌனம் முடிந்தது. முதல் நாள் பேசும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உன் இரண்டு கடிதங்களும் மதர் மேசையில் காத்திருந்தன.

கொடுத்தது நல்லது. நான் இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மதர் உனக்கு எழுதச் சொன்னது: நிகழ்ச்சி முடிந்ததும் எழுத வேண்டும், சுருக்கக் கூடாது, அது எந்த மாதக் கணக்கிலும் சேராது.

நான் சொல்வது: இங்கே பத்து மாதமாகப் பாட்டு என்றால் வாய்ப்பாட்டு மட்டும். ஆகவே நீ பார்த்ததை எழுதாதே, கேட்டதை எழுது.

வரவேற்புரையில் கையை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் எதையாவது பிடித்துக்கொள்.

லிஜா


புன்னைத்துறை
21 ஜூலை 2025, காலை

அன்புள்ள அக்கா, அன்புள்ள மதர்,

நலம், நலம், எல்லோரும் நலம். நான் இன்னும் காலை சாயா குடிக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பது நாற்காலி போட்டோம். எண்பது பேர் வந்தார்கள். ஜெபமணி மாமாவின் முழங்கால் அபிலாஷ் அண்ணனின் டிரம்மில் இடித்தது. சிலுவை அண்ணன் டிரம்பட்டை உயர்த்தினால் முதல் வரிசை தலையைத் தாழ்த்த வேண்டும், அவ்வளவு நெருக்கம்.

நீ சொன்னபடி வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் நின்றேன். நான்கு பத்தி எழுதி வைத்திருந்தேன். "எல்லோருக்கும் வணக்கம். இவர்கள் இப்போது வாசிப்பார்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் போய்விட்டேன். சிலுவை அண்ணன் மைக்கில், "கப்பல்ல பன்னிரண்டு வருஷம் இவ்வளவு தெளிவா யாரும் எங்கள அறிமுகப்படுத்தல்ல" என்றார். கைதட்டல் எனக்குக் கிடைத்தது, அக்கா!

ஆறு மணிக்குச் சரியாக மழை. தகரக் கூரை, உனக்குத் தெரியுமே. ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது என்று நினைத்தேன். அபிலாஷ் அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கம்பித் துடைப்பம் போன்ற இரண்டை எடுத்து டிரம்மின் தோலில் வட்டமாகத் தேய்த்தார். கூரையில் மழை, கீழே அதே மழை. எது எது என்று பிரிக்க முடியவில்லை. முருகதாஸ் அண்ணனின் பேஸ் அதற்கடியில் நடை போட ஆரம்பித்தது. பேஸின் சத்தம் காதுக்கு வரும் முன் நாற்காலிக் கால் வழியாக உடம்புக்கு வந்துவிடுகிறது. சாக்ஸபோன் வந்தபோது அது வாத்தியம் மாதிரியே இல்லை. யாரோ தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேச வந்த மாதிரி இருந்தது.

நடுவில் மூவரும் நிறுத்திவிட்டு முருகதாஸ் அண்ணனை மட்டும் வாசிக்க விட்டார்கள். அப்பா உரக்கவே கேட்டார்: "ஏலே, மத்தவனுவளுக்கு என்ன கோளாறு? ஏன் நிறுத்திப்போட்டானுவ?"

அம்மா சொன்னாள்: "அவன் பேசுகான், மத்தவங்க கேக்காங்க. நம்ம வீட்டுல நடக்காத காரியம், அதான் உமக்குப் புரியல்ல."

ஆதிரா கீபோர்டின் மேல் குனிந்து சிரித்துவிட்டாள். முருகதாஸ் அண்ணன் அந்தச் சிரிப்பின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பேஸில் வாசித்துக் காட்டினார். அறை அதிர்ந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்களைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொருவர் முறை முடிந்ததும் விசில்.

ஏழு மணிக்குச் சிலுவை அண்ணன் உன் கிளாரினெட்டை எடுத்தார். "இது லிஜா சிஸ்டருக்கது" என்று மட்டும் சொன்னார். மெதுவாக, தனியாக, முதல் வரியை வாசித்தார்.

ஜெபமணி மாமா எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார். அவருக்குப் பின்னால் அப்பா. பிறகு அறை முழுக்க எழுந்து நின்றது. சிலர் சிலுவை போட்டார்கள். உனக்கு இப்போது புரிந்திருக்கும். மதருக்காகச் சொல்கிறேன்: அது, வீட்டிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கும்போது எங்கள் பேண்டு வாசிக்கும் மெட்டு. அது கேட்டால் இந்த ஊரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சோறு தின்றுகொண்டிருந்தாலும் எழுந்துவிடுவார்கள்.

முருகதாஸ் அண்ணன் வெளிறிப்போய் ஆதிராவிடம், "எல்லாரும் போறாங்களா?" என்று கேட்டது கதவு வரை கேட்டது. சிலுவை அண்ணனுக்கும் வேர்த்துவிட்டது. அந்தப் பாட்டை அவர் கப்பலில், ஊர் நினைப்பில் கட்டியிருக்கிறார். எந்த மெட்டில் தொடங்கியிருக்கிறோம் என்று எங்கள் ஆட்கள் எழுந்து நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம்; ஒத்திகையில் வேகமாக வாசித்ததால் எனக்கும் பிடிபடவில்லை. ஆனால் நிறுத்தவில்லை. அபிலாஷ் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். டிரம் மெல்ல உள்ளே வந்தது. அடக்கத்தின் நடை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்து, திருவிழாவுக்குச் சப்பரம் கிளம்பும் நடையாகிவிட்டது. மெட்டு அதேதான், அக்கா! அதே சுரங்கள், ஆனால் கால் சும்மா நிற்கவில்லை. உட்காரலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. நின்றபடியே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஜெபமணி மாமா தலைத்துண்டைச் சுழற்றினார். ஜாஸ் பிறந்த ஊரிலும் இப்படித்தானாம். கல்லறைக்குப் போகும்போது மெதுவாக வாசிப்பார்களாம், திரும்பும்போது இப்படி வாசிப்பார்களாம். சிலுவை அண்ணன் பிறகு சொன்னார்.

அந்தப் பாட்டின் நடுவே அவர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மற்ற மூவரும் சத்தத்தைக் குறைத்து எட்டு எண்ணிக்கைக்கு வாசித்துக்கொண்டே போனார்கள். அங்கே கிளாரினெட்டின் இடம் காலியாகவே இருந்தது. நான்கு முறை அப்படி. மூன்றாம் முறை என் கையிலிருந்த வருகைப் பதிவேடு கீழே விழுந்தது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

கிளாரினெட் பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டது. ஜெபமணி மாமா பெட்டியைத் தட்டி, "செப்டம்பர்ல இது நம்ம பயலுக்க கையில" என்றார். ஜெனின் சிரித்தான். நல்லதுதான்.

ரெஜிஷா


கொடைக்கானல்
3 ஆகஸ்டு 2025

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். கேரட் பிடுங்கியாயிற்று, ஒன்றும் நேராக இல்லை.

உன் கடிதத்தை மதர் இரவு உணவுக்குப் பிறகு எல்லோருக்கும் உரக்கப் படித்தார். அப்பா பேசியதையும் அம்மா சொன்னதையும் இரண்டு குரலில் படித்தார். எழுந்து நின்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

அந்த முதல் வரியைப் படுக்கையில் வெறும் விரல்களால் வாசித்துப் பார்த்தேன். ஒரு விரல்கூடத் தவறவில்லை. வருத்தமாக இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்: சில நாள் இருக்கிறது. ஆனால் நான் இங்கே வந்தது சரிதான். இரண்டும் உண்மை.

தாள் என் மேசையில் இருக்கிறது. "கோயில் பேண்டு" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி பேனாவால் எழுத வேண்டும்.

பதிவேடு ஏன் விழுந்தது என்று நீ எழுதவில்லை. மே மாதம் நான் கேட்டதற்கும் பதில் இல்லை.

லிஜா


புன்னைத்துறை
9 ஆகஸ்டு 2025

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே தடைக்காலம் முடிந்து எல்லோரும் கடலுக்குப் போய்விட்டார்கள். ஊரே அமைதி. எனக்கும் எழுதத் தைரியம் வந்திருக்கிறது.

துடைக்கிறவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். ஜனவரியிலிருந்து ஊதுகிறேன். அலை இரைச்சல் அதிகமான நாள்களில் மட்டும், வலைக்குடிலில், யாருக்கும் கேட்காதபடி. முதல் மாதம் வெறும் காற்றுதான் வந்தது. கல்லூரியில் இயற்பியலில் படித்தேன், கிளாரினெட் ஒரு முனை மூடிய குழாய் போல ஒலிக்கும் என்று. பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் ஒரு சுரம் வரவைக்க ஆறு வாரம் ஆயிற்று.

சிலுவை அண்ணன் ரீடைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது: "ஏட்டி, இது ஈரமா இருக்கே. யாரு ஊதுகா?" துடைத்தேன் என்றேன். "வாயாலயா துடைச்ச?" என்றார். பிறகு நிகழ்ச்சியில், அந்த எட்டு எண்ணிக்கையில் நான்கு முறையும் அவர் கதவைத்தான் பார்த்தார். மூன்றாம் முறை என் விரல்கள் பதிவேட்டின் அட்டைமேல் மேலும் கீழும் போயிருக்கின்றன. எனக்குத் தெரியவில்லை. அம்மா பார்த்துவிட்டாள். "ஏட்டி, உனக்குமா?" என்றாள். அப்போதுதான் அது விழுந்தது.

முதல் வரி எனக்கு வரும், அக்கா. கடைசி இரண்டு சுரம் இன்னும் உடைகிறது. அடுத்த ஞாயிறு ஆதிரா வருகிறாள், அந்த எட்டு எண்ணிக்கையை என்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிளப் ஜன்னல்களை மூடிக்கொண்டுதான்.

கோயிலுக்கு என்று நினைத்ததை எனக்கு என்று கேட்பது பாவமா என்று பல நாள் யோசித்தேன். நேற்று ஜெபமணி மாமா வீட்டுக்குப் போய், பேண்டில் கிளாரினெட்டுக்கு என்னைச் சேர்ப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். நான் கேட்டேன், அக்கா, நானேதான்! அவர், "ஜெனினுக்கு டிரம்பட்டுலதான் ஆசை. வாத்தியம் உனக்க கையில இருந்தா நீ வா மக்கா" என்றார்.

மதர், இதை அக்காவிடம் இருபதாம் தேதிக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

அக்கா, நான் உன்னிடம் எனக்கென்று இதுவரை எதுவும் கேட்டதில்லை. பேனாவை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதுவாயா?

ரெஜிஷா